கேரள மதுக்கூடங்கள்: நட்சத்திரம் பார்த்து உரிமம், தலை எண்ணித் தடை

புது தில்லி: கொச்சிக்கு வடக்கே, வடக்கு பறவூரில் உள்ள ஒரு மதுக்கூடத்தின் முன்னால் 2017 ஏப்ரல் மாதத்தில் விநோதமான நடைபாதை ஒன்று முளைத்தது. சாலையிலிருந்து நேராக நடந்தால் எளிதில் அடைந்துவிடக் கூடிய வாசலுக்கு, தடுப்புகளுக்கு நடுவே முன்னும் பின்னுமாகப் பல முறை திரும்பித் திரும்பி நடந்தால்தான் போய்ச் சேர முடியும். நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் விதித்த தடை அந்த மாதத்தின் முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. கட்டடத்தை நகர்த்த முடியாது. சாலையையும் நகர்த்த முடியாது. நடக்கும் தூரம்தான் கணக்கு என்றால் நடையை நீட்டிவிட்டால் போயிற்று என்று கருதினார் அதன் உரிமையாளர்.

அந்தப் படம் நாடெங்கும் நாளேடுகளில் வெளியானது, பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால், சிரித்துவிட்டு மறந்துவிடக் கூடிய செய்தி அல்ல அது. 2014-க்குப் பிறகு கேரளத்தில் மதுக்கூட உரிமங்களைக் கட்டுப்படுத்த எடுக்கப்பட்ட முயற்சிகள் பெரும்பாலும் அந்த நடைபாதையைப் போலவே முடிந்தன. குடிக்க வருபவர் சற்றுச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். சுற்றுவழி அமைக்க வசதி உள்ளவரின் கையில் உரிமம் தங்கியது. வசதி இல்லாதவர் கடையை மூடினார்.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 2014 தொடக்கத்தில் கேரளத்தில் இருந்த மதுக்கூடங்கள் 730. இரண்டே ஆண்டுகளில், 2016-ஆம் ஆண்டு ஆட்சி மாற்றம் நிகழ்ந்தபோது, அந்த எண்ணிக்கை 30-க்கும் கீழே இறங்கியிருந்தது. 2024-ஆம் ஆண்டிலோ அது 800-ஐத் தாண்டிவிட்டது. மூடியவற்றைக் காட்டிலும் திறந்தவை அதிகம்.

மக்கள்தொகை பெருகியதால் மதுக்கூடங்கள் பெருகின என்று சொல்லவும் வழியில்லை. 2001-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் நாட்டின் மக்கள்தொகை 17.7 சதவீதம் வளர்ந்தபோது கேரளத்தின் வளர்ச்சி 4.9 சதவீதம் மட்டுமே. பத்தனம்திட்டா, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களில் மக்கள்தொகை வளராதது மட்டுமல்ல, குறைந்தே போயிற்று. இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்கும் பெங்களூருக்கும் போய்விட, முதியோரும் பூட்டிய வீடுகளும் மிஞ்சிய ஊர்கள் அங்கே ஏராளம். இத்தகைய இடத்தில் ஓர் உணவு விடுதி பிழைப்பது பெரிதும் சுற்றுலாப் பயணிகளையும், விடுமுறைக்கு ஊர் திரும்புவோரின் பணத்தையும் நம்பித்தான். மதுக்கூட உரிமம் அந்த விடுதிக்கு வாழ்வா, சாவா என்ற கேள்வியாகிவிடுவது அதனால்தான். உரிமம் யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இவ்வளவு பெரிய அரசியல் சரக்காக மாறியதற்கும் அதுவே காரணம்.

தில்லி தரும் நட்சத்திரம்

மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. மது உற்பத்தியும் விற்பனையும் மாநிலப் பட்டியலின் 8-ஆவது இனத்தில் அடங்குகின்றன. மது வணிகம் அடிப்படை உரிமை அல்ல என்று 1994-இல் கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது. ஆக, உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் மாநில அரசின் விருப்பம். அந்த விருப்பத்தை எந்த அளவுகோலைக் கொண்டு செயல்படுத்துவது என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு.

கர்நாடகம் தலைக் கணக்கு பார்த்தது. இத்தனை மக்களுக்கு இத்தனை கடை என்று அங்கே விதி உண்டு. 1992-க்குப் பிறகு புதிய சில்லறைக் கடைகளுக்கும் மதுக்கூடங்களுக்கும் உரிமம் வழங்குவதே நிறுத்தப்பட்டது. விளைவு, பழைய உரிமங்கள் கோடிக்கணக்கான ரூபாய்க்குக் கைமாறும் சொத்தாகிவிட்டன. அரசுக்குச் செலுத்தும் ஆண்டுக் கட்டணத்துக்கும் வெளிச் சந்தையில் அதே உரிமத்துக்குக் கிடைக்கும் விலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கேரளம் தலையை எண்ணவில்லை, நட்சத்திரத்தை எண்ணியது. அங்கே தனியொரு உணவகம் மதுக்கூட உரிமம் பெற முடியாது. தங்கும் அறைகள் வேண்டும். அந்த விடுதிக்கு நட்சத்திரத் தகுதியும் வேண்டும். அந்த நட்சத்திரத்தை வழங்குவது திருவனந்தபுரம் அல்ல, தில்லியில் உள்ள மத்திய சுற்றுலா அமைச்சகம். அறையின் அளவு, குளியலறை வசதி, மின்தூக்கி, பணியாளர் பயிற்சி ஆகியவற்றைப் பார்த்துப் பயணியின் வசதிக்காக வழங்கப்படும் தரச் சான்று அது. ஊரில் யார் எங்கே குடிக்கலாம் என்பதைத் தீர்மானிக்க அதை யாரும் வகுக்கவில்லை. ஆயினும் கேரளத்தின் மது அரசியல் முழுவதும் அந்தச் சான்றைச் சுற்றியே நடந்தது. மதுக்கூடத்துக்காகவே அறைகள் கட்டப்பட்டு, ஆண்டு முழுவதும் அவை காலியாகக் கிடந்த விடுதிகளைக் கேரளத்தில் பயணம் செய்தவர்கள் பார்த்திருக்கக் கூடும்.

சுதீரனும் சாண்டியும்

தரக் குறைவான விடுதிகளுக்கும் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கப்படுவதைத் தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியிருந்தது. அதைத் தொடர்ந்து 2014 ஏப்ரல் 1 முதல் 418 மதுக்கூடங்களின் உரிமங்கள் புதுப்பிக்கப்படவில்லை. சிறிது காலத்தில் சில பழுதுகளைச் சரிசெய்துகொண்டு அவை மீண்டும் திறக்கும் என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால், அந்த ஆண்டு பிப்ரவரியில் மாநில காங்கிரஸ் தலைவரான வி.எம். சுதீரன் விடவில்லை. மூடியவை மூடியவையே என்பது அவரது நிலை. முஸ்லிம் லீகும் கத்தோலிக்கத் திருச்சபையும் அவர் பக்கம் நின்றன.

முதல்வர் உம்மன் சாண்டிக்கு இது தர்மசங்கடமான நிலை. 418-ஐத் திறந்தால் மதுக்கடை அதிபர்களின் நண்பர் என்ற பெயர் வரும். திறக்காவிட்டால் மூடாமல் விடப்பட்ட 312 மதுக்கூடங்களுக்கு மட்டும் கொள்ளை லாபம் போகும். தேர்ந்த அரசியல்வாதியான அவர் 2014 ஆகஸ்ட் 21-ஆம் தேதி எவரும் எதிர்பாராத வழியைத் தேர்ந்தெடுத்தார். 312-ஐயும் மூடுவது, ஐந்து நட்சத்திர விடுதிகளில் மட்டும் மதுக்கூடத்தை அனுமதிப்பது, அரசின் மதுபானக் கழகக் கடைகளில் ஆண்டுக்கு 10 சதவீதத்தை மூடிப் பத்தாண்டுகளில் முழு மதுவிலக்கை எட்டுவது, ஞாயிற்றுக்கிழமைகளில் மது விற்பனையே இல்லை என்பது ஆகியவை அந்தக் கொள்கையின் அம்சங்கள். சுதீரனைவிடத் தீவிரமான மதுவிலக்குவாதியாக ஒரே நாளில் மாறினார் சாண்டி. உட்கட்சிப் போட்டியின் வேகத்தில் பிறந்த கொள்கை இது என்பதைக் காங்கிரஸ்காரர்களே மறுக்கமாட்டார்கள்.

நான்கு மாதங்கள்கூட அது முழுதாக நீடிக்கவில்லை. டிசம்பரில் ஞாயிறு விடுமுறை கைவிடப்பட்டது. மூடிய மதுக்கூடங்களுக்கு பீர், ஒயின் விற்கும் உரிமம் வழங்கப்பட்டது. விடுதியும் மாறவில்லை, மேஜையும் மாறவில்லை; குப்பி மட்டும் மாறியது.

இதனிடையே அக்டோபர் இறுதியில் வெடித்தது மதுக்கூட லஞ்சக் குற்றச்சாட்டு. மூடிய 418 மதுக்கூடங்களைத் திறக்க உதவுவதற்காக நிதியமைச்சர் கே.எம். மாணிக்கு ஒரு கோடி ரூபாய் கொடுக்கப்பட்டது என்று மதுக்கூட உரிமையாளர் சங்கத்தின் நிர்வாகி ஒருவர் வெளிப்படையாகக் கூறினார். மாணி அதை மறுத்தார். ஊழல் கண்காணிப்புத் துறையும் போதிய ஆதாரம் இல்லை என்றே பின்னர் அறிக்கை அளித்தது. என்றாலும், அரசியல் அவரை விடவில்லை. 2015 மார்ச் 13-ஆம் தேதி அவர் வரவு-செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்யக் கூடாது என்று இடதுசாரி உறுப்பினர்கள் சட்டப்பேரவையில் நடத்திய அமளியில் பேரவைத் தலைவரின் நாற்காலியே தூக்கி எறியப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் கடுமையான கருத்துகளைத் தொடர்ந்து அதே ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி மாணி பதவி விலகினார்.

பின்கதையையும் சொல்ல வேண்டும். மாணி 2019 ஏப்ரலில் காலமானார். அவரது மகன் ஜோஸ் கே. மாணி தலைமையிலான அணி 2020 அக்டோபரில் இடது ஜனநாயக முன்னணியிலேயே சேர்ந்தது. பேரவை அமளி தொடர்பான வழக்கைத் திரும்பப் பெற இடதுசாரி அரசு முயன்றபோது 2021 ஜூலை 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்கு அனுமதி மறுத்தது.

லஞ்சம் கொடுக்கப்பட்டதா, இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஓர் அரசாணையால் 418 உரிமங்களின் மதிப்பு ஒரே இரவில் சுழியாகவும், இன்னோர் அரசாணையால் கோடிகளாகவும் ஆக முடியும் என்ற நிலை இருக்கும்வரை இத்தகைய குற்றச்சாட்டுகள் எந்த ஆட்சியிலும் எழவே செய்யும்.

ஏழைக்கு எட்டாத விலையே தடுப்பு

ஐந்து நட்சத்திரத்துக்கு மட்டும் ஏன் சலுகை என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. 2014 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி நான்கு நட்சத்திர விடுதிகளுக்கும் பாரம்பரிய விடுதிகளுக்கும் வழிவிட்டார். 2015 மார்ச் 31-ஆம் தேதி இரு நீதிபதிகள் அமர்வு அரசின் கொள்கையை அப்படியே ஏற்றது. இறுதியாக 2015 டிசம்பர் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் விக்ரமஜித் சென், சிவகீர்த்தி சிங் ஆகியோர் அதை உறுதி செய்தனர்.

சமத்துவ உரிமை மீறப்படுகிறது என்ற விடுதி உரிமையாளர்களின் வாதம் எடுபடவில்லை. ஐந்து நட்சத்திர விடுதிகள் சுற்றுலாவுக்குத் தேவை. அங்குள்ள விலையே சாதாரண மக்களையும் இளைஞர்களையும் விலக்கி வைக்கும். மற்ற மதுக்கூடங்களை மூடுவதால் பொது இடத்தில் குழுவாகக் குடிக்கும் பழக்கம் குறையும் என்ற அரசின் விளக்கம் ஏற்கப்பட்டது. கொள்கை சரியா, தவறா என்பதைப் பேரவைதான் பார்க்க வேண்டும், நீதிமன்றம் அல்ல என்ற வகையில் தீர்ப்பில் சட்டக் குறை காண்பது கடினம்.

ஆனால், அரசியல் ரீதியில் அந்த வாதத்தின் பொருள் என்ன? பணக்காரர் குடித்தால் சுற்றுலா. மற்றவர் குடித்தால் சமூகக் கேடு. மேலும், மற்றவர்கள் குடிப்பதையும் அரசு நிறுத்திவிடவில்லை. மதுக்கூடம் மூடப்பட்டதும் அரசின் சில்லறைக் கடைகளின் முன் வரிசை நீண்டது. மேஜையில் அமர்ந்து இரண்டு கோப்பையுடன் எழுந்து போனவர் முழுக் குப்பியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கோ, ஆற்றங்கரைக்கோ, ரப்பர் தோட்டத்துக்கோ போனார். வீட்டுக்குப் போன குப்பியின் விலையை அந்த வீட்டுப் பெண்கள் கொடுத்தார்கள். மதுக்கூடங்களை மூட வேண்டும் என்று எந்தப் பெண்களின் பெயரால் கோரப்பட்டதோ, அவர்களிடம் யாரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

வேலை இழந்த பணியாளர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பரிமாறுபவர், சமையல்காரர், பாத்திரம் துலக்குபவர் என்று சிறு ஊர்களில் வேறு வேலை கிடைக்காதவர்கள் அவர்கள். மறுவாழ்வுக்காக மது விற்பனை மீது 5 சதவீதத் தீர்வை விதிப்பதாக அரசு அறிவித்தது. மதுவால் கெட்டவரைச் சீராக்கவும், மதுக்கூடத்தை மூடியதால் கெட்டவரைக் கரையேற்றவும் அதே மதுவின் வருவாயைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

மதுக்கூடங்கள் மூடப்பட்ட காலத்தில் மதுபானக் கழகத்தின் காட்டமான மது விற்பனை சரிந்ததையும் பீர், ஒயின் விற்பனை உயர்ந்ததையும் அப்போதைய கணக்குகள் காட்டின. அதை வெற்றி என்றது காங்கிரஸ். போதைப் பொருள்கள் பெருகிவிட்டன என்றது இடதுசாரி முன்னணி. இரு தரப்புக்கும் அவரவருக்கு வேண்டிய எண் கிடைத்தது. கேரளத்துக்கு இந்த விவாதம் புதிதும் அல்ல. 1996 ஏப்ரல் 1 முதல் சாராயத்தைத் தடை செய்தார் ஏ.கே. அந்தோணி. 2000-ஆவது ஆண்டு அக்டோபரில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் நச்சுச் சாராயம் 30-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதற்காகச் சாராயத் தடையே தவறு என்று ஆகிவிடாது. தடுப்புக்குப் பின் கண்காணிப்பு இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை அது காட்டியது.

இருபதாயிரத்தின் கணக்கு

நட்சத்திரக் கணக்கு ஓய்வதற்குள் மக்கள்தொகைக் கணக்கு வந்து சேர்ந்தது. இதற்குத் தொடக்கம் தமிழ்நாடு. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை எதிர்த்து பாமக வழக்கறிஞர் கே. பாலு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, தமிழ்நாடு அரசின் மேல்முறையீட்டால் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2016 டிசம்பர் 15-ஆம் தேதி தீர்ப்பு வெளியானது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்பனை கூடாது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதற்கும் இது பொருந்தும் என்றது நீதிமன்றம். குடிபோதையில் வாகனம் ஓட்டி மடிபவர்கள், அவர்களால் மடிபவர்கள் ஆகியோரின் எண்ணிக்கையை நினைத்தால் அந்தத் தீர்ப்பின் அக்கறையைக் குறை கூற முடியாது.

சில்லறைக் கடைகளுக்கு மட்டும்தான் தடை, உணவு விடுதிகளுக்கு அல்ல என்று சில மாநிலங்கள் வாதிட்டுப் பார்த்தன. 2017 மார்ச் 31-ஆம் தேதி நீதிமன்றம் அதை நிராகரித்தது. அதே நாளில் ஒரு தளர்வையும் அளித்தது. 20,000 அல்லது அதற்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிப் பகுதிகளில் 500 மீட்டர் என்பது 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. சிக்கிம், மேகாலயம் போன்ற மலை மாநிலங்களுக்கும் விலக்கு கிடைத்தது. சிறிய ஊரில் 500 மீட்டர் தள்ளிப் போனால் ஊரே முடிந்துவிடும் என்பதே இதன் தர்க்கம்.

கேரளத்துக்கு இந்தத் தர்க்கம் பொருந்தவில்லை. வட இந்தியாவில் கிராம ஊராட்சி என்றால் சில ஆயிரம் பேர். 3.34 கோடி மக்களுக்கு 941 கிராம ஊராட்சிகள் மட்டுமே உள்ள கேரளத்தில் 20,000 பேரைத் தாண்டிய ஊராட்சிகள் மிகப் பல. ஊர் எங்கே முடிகிறது, நகரம் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாத நாடு அது. மக்கள்தொகை உறைந்து நிற்கும் ஓர் ஊராட்சியில் 2011 கணக்கெடுப்பின்படி 20,100 பேர் இருந்தால் அங்குள்ள விடுதி 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பக்கத்து ஊராட்சியில் 19,900 பேர் என்றால் 220 மீட்டர் போதும். சாலை ஒன்று, வாகனம் ஒன்று, ஓட்டுநரின் போதையும் ஒன்றுதான்.

அடுத்து வந்தது நகரங்களின் முறை. சண்டீகர் நிர்வாகம் நகருக்குள் செல்லும் நெடுஞ்சாலைகளை மாவட்டச் சாலைகள் என்று பெயர் மாற்றிவிட்டது. இது சவாலுக்கு உள்ளானபோது, நகராட்சி எல்லைக்குள் உள்ள கடைகளுக்குத் தன் தீர்ப்பு தடையாகாது என்று 2017 ஜூலை 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நகரத்துக்குச் சலுகை என்றால் எங்களுக்கு ஏன் இல்லை என்று ஊராட்சிப் பகுதிகளின் உரிமையாளர்கள் வந்தார்கள். 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் அதற்கும் இசைந்தது. குறிப்பிட்ட ஊராட்சிப் பகுதி நகரத்தை ஒட்டியதா, போதிய அளவு வளர்ச்சி பெற்றதா என்பதைப் பார்த்து மாநில அரசுகளே முடிவு செய்துகொள்ளலாம் என்றது.

ஆக, 2017 மார்ச்சில் சின்னஞ்சிறு ஊருக்குச் சலுகை; ஜூலையில் பெருநகருக்குச் சலுகை. இரண்டிலும் சேராத நடுத்தர ஊராட்சி எங்கே போகும்? 'வளர்ந்த ஊர்' என்று மாநில அரசின் வாயால் சொல்ல வைக்க வேண்டும். ஓர் ஊர் வளர்ந்ததா என்பதைப் பள்ளிகளையோ மருத்துவமனையையோ பார்த்து அறிவது போய், மதுக்கூடம் வைக்கலாமா என்பதற்காக அறியும் நிலை வந்தது.

ஊராட்சிக்கு இல்லாத அதிகாரம்

2016-இல் ஆட்சிக்கு வந்த பினராயி விஜயன் அரசு மதுவிலக்கு அல்ல, மதுவைத் தவிர்க்கும் மனநிலையே தன் கொள்கை என்றது. 2017 ஜூன் 8-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட புதிய கொள்கை, மூன்று நட்சத்திரம் முதல் எல்லா விடுதிகளுக்கும் ஜூலை 1 முதல் மதுக்கூட உரிமத்துக்கு வழி திறந்தது. மது வாங்குவோரின் குறைந்தபட்ச வயது 21-லிருந்து 23-ஆக உயர்த்தப்பட்டது. சுற்றுலா சரிந்துவிட்டது, வேலைவாய்ப்பு போய்விட்டது என்பவை அரசு கூறிய காரணங்கள்.

இந்தக் கொள்கைக்குச் சில நாள்கள் முன்பு வந்த ஓர் அவசரச் சட்டம் அதிகம் கவனிக்கப்படவில்லை. கவனிக்கப்பட்டிருக்க வேண்டும். தங்கள் எல்லைக்குள் மதுக்கடைக்கும் மதுக்கூடத்துக்கும் தடையின்மைச் சான்று வழங்கவோ மறுக்கவோ கேரள ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் சட்டப்படி அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரத்தை 2017 மே இறுதியில் அவசரச் சட்டம் அகற்றியது. மக்கள் திட்டமிடல் இயக்கத்தின் மூலம் அதிகாரப் பரவலாக்கலை நாட்டுக்கே கற்றுக்கொடுத்ததாகப் பெருமை கொள்ளும் கட்சி, தெருவில் மதுக்கூடம் வேண்டுமா என்ற முடிவைத் தெருவில் வசிப்பவர்களிடமிருந்து எடுத்துத் தலைமைச் செயலகத்துக்குக் கொண்டுபோனது.

ஊராட்சிகள் அந்த அதிகாரத்தை எப்போதும் நேர்மையாகத்தான் பயன்படுத்தின என்று கூற முடியாது. சான்று தரவும் தராமலிருக்கவும் பேரம் நடந்ததாகப் புகார்கள் உண்டு. என்றாலும், ஊராட்சி உறுப்பினரின் வாசலில் போய் நின்று பெண்கள் கேள்வி கேட்க முடியும். தில்லியில் நட்சத்திரம் வழங்கும் குழுவையும், திருவனந்தபுரத்தில் கொள்கை வகுக்கும் அமைச்சரவையையும் அவ்வாறு கேட்க முடியாது. மதுக்கூடத்துக்கு எதிரான உள்ளூர்ப் போராட்டம் சட்டத்தின் கண்ணில் வெறும் மனுவாகச் சுருங்கியது அந்த நாளில்தான்.

கருவூலத்தின் தாகம்

கேரளத்தின் முதல்வர் யாராக இருந்தாலும், மதுவருவாய் இல்லாமல் கருவூலம் தள்ளாடும் என்பதை நிதித் துறை அவருக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும். அங்கே மது மீதான விற்பனை வரி 200 சதவீதத்துக்கும் மேல். மூத்த குடிமக்களின் விகிதம் நாட்டிலேயே மிக அதிகமாக உள்ள மாநிலம் கேரளம். 2011 கணக்கெடுப்பின்படி நூற்றில் ஏறத்தாழ 13 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். அவர்களுக்கான ஓய்வூதியச் சுமையைச் சமாளிக்க 2023-24 வரவு-செலவுத் திட்டத்தில் 500 முதல் 999 ரூபாய் வரையிலான குப்பிக்கு 20 ரூபாயும், ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட குப்பிக்கு 40 ரூபாயும் சமூகப் பாதுகாப்புத் தீர்வையாக விதிக்கப்பட்டன. மகன் குடிக்கும் குப்பியிலிருந்து தாயின் ஓய்வூதியம் வருகிறது.

கரோனா காலத்தில் இந்தச் சார்பு இன்னும் அப்பட்டமாக வெளிப்பட்டது. 2020 மார்ச்சில் கடைகள் மூடப்பட்டபோது, குடியை விட முடியாதவர்களுக்கு மருத்துவர் சீட்டின் பேரில் மது வழங்க அரசு ஆணையிட்டது. மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள், ஏப்ரல் 2-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மே இறுதியில் செல்பேசிச் செயலி மூலம் வரிசை எண் கொடுத்து விற்பனை தொடங்கியபோது, மதுக்கூடங்களும் சில்லறை விலைக்கே குப்பிகளை விற்க அனுமதிக்கப்பட்டன. அமர்ந்து குடிக்க மட்டும் வழங்கப்பட்ட உரிமம், அவசரத்தின் பெயரால் சில்லறைக் கடையாகவும் பயன்பட்டது.

2023-24-இல் மதுக்கூட உரிமத்தின் ஆண்டுக் கட்டணம் 30 லட்சத்திலிருந்து 35 லட்சமாக உயர்ந்தது. பருவமழைக் காலத்தில் ஈ ஓட்டும் சிறு ஊர் விடுதிக்கு இது பெருந்தொகை. கொச்சியின் நடுவில் உள்ள விடுதிக்குச் சில்லறைக் காசு. கட்டணம் ஏற ஏறச் சிறியவர்கள் விலகுவதும், சில குழுமங்களின் கையில் உரிமங்கள் சேர்வதும் இந்தத் தொழிலின் இயல்பு. உரிமங்களைக் கட்டுப்படுத்துகிறோம் என்று அரசு பேசும்போது, ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்கள் அதை அவ்வளவாக எதிர்க்காததன் ரகசியமும் இதுதான். புதியவர் வராமல் இருப்பது அவர்களுக்கு லாபம்.

2024 மே மாதத்தில் மதுக்கூட உரிமையாளர் சங்க நிர்வாகி ஒருவரின் குரல் பதிவு வெளியானது. கொள்கையில் சாதகமான மாற்றம் வர வேண்டுமானால் உறுப்பினர்கள் தலைக்கு இரண்டரை லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. சங்கத்துக்குக் கட்டடம் வாங்கத்தான் பணம் கேட்கப்பட்டது என்று சங்கத்தின் தரப்பில் விளக்கம் வந்தது. குற்றச்சாட்டை மறுத்த கலால் துறை அமைச்சர் எம்.பி. ராஜேஷ் விசாரணை கோரிக் காவல் துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். பத்தாண்டுகளுக்கு முன் மாணியின் பதவி விலகலைக் கோரிப் பேரவையை முடக்கியவர்கள் இப்போது ஆளும் வரிசையில் இருந்தார்கள்; அன்று மாணியைக் காத்து நின்ற காங்கிரஸ் உறுப்பினர்கள் பதாகை ஏந்தினார்கள்.

அந்தக் குரல் பதிவில் கோரப்பட்ட சாதகங்களில் ஒன்று, மாதத்தின் முதல் தேதி விடுமுறையை நீக்குவது. சம்பளம் கைக்கு வரும் நாளில் அது மதுக்கடைக்குப் போய்விடாமல் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அந்த விடுமுறை. அது நீக்கப்படவில்லை. 2025 ஏப்ரலில் வந்த மதுக் கொள்கை, மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள விடுதிகளில் திருமணம், மாநாடு போன்ற நிகழ்ச்சிகள் நடந்தால் மட்டும் சிறப்பு அனுமதியின் பேரில் அன்றும் மது பரிமாறலாம் என்று தளர்த்தியது. மற்றவர்களுக்கு முதல் தேதி விடுமுறை அப்படியே நீடித்தது.